கதவு என்று ஒரு குடும்பப் பெயர்

போன மாதம் சாமை அறுவடையைப் பற்றி எழுதியபோது, பெயர்களைப் பற்றி ஒரு நாள் தனியாக எழுதுகிறேன் என்று முடித்திருந்தேன். இரண்டு மூன்று நண்பர்கள் போனில் கேட்டும்விட்டார்கள். இதற்கிடையில் எனக்குப் பேரன் முறையாகும் பையன் ஒருவன் பிரான்சிலிருந்து ஒரு கேள்வி கேட்டான். அவனுக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. வீட்டு விஷயங்களைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அதையே இங்கே தருகிறேன்.

அவன் கேட்டது இதுதான்: “தாத்தா, இந்தப் பெயரை நான் வைத்துக்கொள்ளட்டுமா, விட்டுவிடட்டுமா?”

பையனுக்கு இருபத்தைந்து வயது. பிறந்தது பாரிசுக்குப் பக்கத்தில். முகம் அசல் புதுச்சேரி முகம், குடும்பப் பெயரோ அசல் பிரெஞ்சுப் பெயர். விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்து வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள், நேரில் பார்த்ததும் “ஓ, நீங்களா?” என்கிறார்களாம். பிரான்சில் 2022 ஜூலை முதல் ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பிய யாரும், வாழ்நாளில் ஒரு முறை, காரணம் எதுவும் சொல்லாமல் தாயின் குடும்பப் பெயருக்கு மாறிக்கொள்ளலாம். மேரியில் ஒரு படிவம் கொடுத்து, ஒரு மாதம் கழித்து மறுபடி போய் உறுதி செய்தால் போதும். (புதுச்சேரிக்காரர்களுக்கு மேரி என்றால் தெரியும். மற்றவர்களுக்காக: நகராட்சி அலுவலகம்.) அவன் அம்மா ரெயூனியன் தீவுத் தமிழ்க் குடும்பம். அவர்கள் குடும்பப் பெயர் ‘சாமி’ என்று முடியும். அதற்கு மாறினால் முகத்துக்கும் பெயருக்கும் பொருத்தமாக இருக்குமே என்பது அவன் யோசனை.

எங்கள் பங்காளிகளின் அந்தப் பிரெஞ்சுப் பெயர் என்ன என்று கேட்பீர்கள். எழுதப் போவதில்லை, பிள்ளைகள் வாழ்கிற பெயர். அது ஒரு பூவின் பெயர் என்பது போதும். விளக்கத்துக்கு, சரித்திரப் புத்தகங்களில் ஏறிவிட்ட வேறொரு பெயரை எடுத்துக்கொள்கிறேன். லாபோர்த் என்ற பெயர்.

பிரெஞ்சில் ‘போர்த்’ என்றால் கதவு, வாசல். ‘லா’ என்பது முன்னால் வரும் ஒட்டு. பிரான்சில் இது பழைய குடும்பப் பெயர். மதில் சூழ்ந்த ஊர்களில் கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் குடியிருந்தவன், அந்த வாசலைக் காத்தவன், இப்படி யாரையாவது அடையாளம் சொல்ல ஊரார் வைத்தது. நம் ஊர்களில் ‘ஆலமரத்தடி வீட்டார்’, ‘மேட்டு வீட்டார்’ என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. துய்போன் என்றால் பாலத்தடிக்காரர், துய்புவா என்றால் காட்டுப்பக்கத்தார், லெஃபேவ்ர் என்றால் கொல்லர், ப்தி என்றால் குள்ளர். நம்மிடம் இவை பட்டப்பெயராகவே நின்றுவிட்டன. அங்கே காகிதத்தில் ஏறி, பிள்ளை பேரன் என்று தொடர ஆரம்பித்தன.

காகிதத்தில் ஏற்றியது அரசாங்கம். 1539ல் பிரான்சுவா மன்னர் வில்லேர்-கோத்ரே என்ற ஊரில் போட்ட ஆணை, பாதிரியார்கள் ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டும் என்றது. புரட்சிக்குப் பிறகு 1794ல், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்தது. அதோடு பெயர்கள் ஆணி அடித்த மாதிரி நின்றன. நான் ஆயுள் முழுவதும் பதிவேடு எழுதியவன். ஒரு குமாஸ்தா பேனாவைத் தொட்டு எழுதியது எவ்வளவு காலம் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் கோட்டை வாசல் ஒரு ஊரில் மட்டுமா இருந்தது? வாசல் இருந்த ஊரிலெல்லாம் ஒரு லாபோர்த் உண்டாகியிருப்பான். ஆகவே இரண்டு லாபோர்த்கள் சந்தித்தால் உறவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கடல் தாண்டியும் போயிருக்கிறது அந்தப் பெயர். கனடாவில் கியூபெக் மாகாண மந்திரி பியேர் லாபோர்த் 1970 அக்டோபரில் கடத்திக் கொல்லப்பட்டது, என் வயதுக்காரர்களுக்குச் செய்தியாக நினைவிருக்கலாம்.

இதற்கு நேர் எதிரான பெயரும் அதே கியூபெக்கில் உண்டு. த்ராம்பிளே என்பது அங்கே மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். அத்தனை பேரும் ஒரே மனிதனின் சந்ததி. 1647ல் பிரான்சின் பெர்ஷ் பகுதியிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் போன பியேர் த்ராம்பிளே, 1657ல் ஒசான் அஷோன் என்ற பெண்ணைக் கட்டிப் பன்னிரண்டு பிள்ளை பெற்றார். மரம் அங்கிருந்து கிளைத்தது.

எந்தப் பெயர் லாபோர்த் மாதிரி, எது த்ராம்பிளே மாதிரி என்று இப்போது எச்சிலை வைத்தே ஓரளவு சொல்லிவிடுகிறார்கள். ஆணுக்கு ஆண் இறங்குவது ஒய் குரோமோசோம். தகப்பனிடமிருந்து மகனுக்கு, ஏறக்குறைய மாறாமல் வரும். குடும்பப் பெயரும் அதே வழியில் இறங்குவதால், இரண்டும் கைகோத்துக்கொண்டு வர வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் பிரையன் சைக்ஸ் தன் சொந்தப் பெயரையே சோதித்து 2000த்தில் வெளியிட்டார். இங்கிலாந்தில் சைக்ஸ் என்ற பெயருள்ள ஆண்களை எடுத்துப் பார்த்ததில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரே ஒய் இருந்தது. மீதிப் பாதி? தத்து, அம்மா வழியில் எடுத்த பெயர், வெளியே சொல்லாத விவகாரங்கள். பாதி நின்றதே பெரிய விஷயம் என்றார்கள்.

நம்முடைய ஏற்பாடு வேறு. நமக்கு இருப்பது இனிஷியல். அது ஒரு தலைமுறைக்கு மேல் நிற்காது. என் மகனின் இனிஷியலில் நான் இருக்கிறேன், என் அப்பா இல்லை. அதை ஈடுகட்டத்தான் தாத்தா பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள் போலிருக்கிறது. பேரன் என்ற சொல்லே பெயரன், பெயரைத் தாங்குகிறவன். பிரெஞ்சுக்காரன் பெயர் நேர்க்கோட்டில் போகிறது, நம் பெயர் வட்டமடிக்கிறது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளில் என் அப்பாவின் பெயரை ‘நோம்’ என்ற கட்டத்திலும் என் பெயரை ‘ப்ரெனோம்’ என்ற கட்டத்திலும் எழுதினார்கள். ஆசிரியர் வகுப்பில் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவார். முதல் வாரம் முழுக்க, அப்பா ஏதோ தப்புச் செய்துவிட்டார் என்று பயந்துகொண்டிருந்தேன்.

இனி புதுச்சேரி லாபோர்த்துக்கு வருகிறேன். இவர் இயற்பெயர் பொன்னுத்தம்பி பிள்ளை, வக்கீல். அந்தக் காலத்தில் இந்தியர்கள் ஐரோப்பியர் மாதிரி ஷூ அணிந்து நீதிமன்றத்துக்குள் போகக் கூடாது. 1873ல் இவர் ஷூவும் சாக்ஸுமாகப் போய் நின்றார். நீதிபதி விடவில்லை. இவரும் விடவில்லை. பாரிசில் உள்ள உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். ஒரு ஜோடி ஷூவுக்காக பாரிஸ் வரைக்குமா என்று கேட்பவர்கள், அதே நாளில் கழற்றிவிட்டு நிற்கச் சொல்லப்பட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள்.

பிறகு 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஒரு ஆணை வந்தது. பிரெஞ்சு இந்தியாவில் உள்ள எந்த இந்தியரும், விருப்பப்பட்டால், தன் சாதி மத வழக்கப்படியான சட்டத்தைத் துறந்துவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வரலாம். துறந்தால் துறந்ததுதான், திரும்ப முடியாது. மனைவியும் மைனர் பிள்ளைகளும் அதில் சேர்த்தி. துறக்கிறவர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். இவர்களைத்தான் ரெனோன்சான் என்பார்கள். பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், அவர்களிலும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள் அதிகம். சாதியைச் சொல்லும் பெயர் போய், எதையும் சொல்லாத ஒரு பெயர் கிடைக்கிறதென்றால் சும்மாவா?

பொன்னுத்தம்பி எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். தன் மக்களுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டதாக நினைத்துத்தான் அப்படி வைத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். பிரான்சில் கோட்டை வாசலில் பிறந்த அதே சொல், புதுச்சேரியில் வேறொரு வாசலுக்காக இன்னொரு முறை பிறந்தது. இரண்டுக்கும் ரத்தத்தில் சம்பந்தம் ஒரு துளியும் இல்லை.

எல்லாரும் பிரெஞ்சுச் சொல்லை எடுக்கவில்லை. பலர் தமிழ்ப் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள், பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில். பிள்ளை ‘புல்லே’ ஆனது அந்தக் கணக்கில்தான். சில பேர் கிறிஸ்தவப் புனிதர் பெயரை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் பூவை எடுத்தார்.

என் கொள்ளுத்தாத்தாவும் அவர் தம்பியும் வில்லியனூர்ப் பக்கம். தம்பி புதுச்சேரித் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதுகிறவர். (எங்கள் வம்சத்துக்கு பேனா எங்கிருந்து வந்தது என்று அப்பா இதைத்தான் காட்டுவார்.) 1882ல் தம்பி துறந்தார், அண்ணன் துறக்கவில்லை. அண்ணனுக்கு நிலமும் கோயிலில் ஒரு முறையும் இருந்தன. அவற்றை விட்டுவிட அவருக்கு மனசில்லை. தம்பிக்கு இழக்க அதிகம் ஒன்றுமில்லை, ஆனால் மூன்று பெண் பிள்ளைகள் இருந்தார்கள்.

இந்தப் பெண் பிள்ளைகள் விஷயத்தை லேசாகத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. பிரெஞ்சு சிவில் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. தம்பி வீட்டுப் பெண்களுக்கு அந்தக் காலத்திலேயே அந்த உரிமை வந்துவிட்டது. அண்ணன் வீட்டில் என் அத்தைகளுக்குச் சீரும் புடவையும்தான். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று சட்டம் வந்தது 1989ல், நாடு முழுவதற்கும் 2005ல். அந்த ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு தூரம் வீச்சு இருந்திருக்கிறது. இன்றைக்கும் புதுச்சேரியில் இந்தியக் குடிமக்களாக இருக்கும் ரெனோன்சான் குடும்பங்களுக்கு வாரிசு விஷயத்தில் பழைய பிரெஞ்சு சிவில் சட்டம்தான்.

தம்பி எதற்குப் பூவின் பெயரை எடுத்தார்? என் அப்பா சொன்ன காரணம், அன்றைக்கு அவர் கணக்கு எழுதிக்கொண்டிருந்த கப்பலின் பெயர் அது. குமாஸ்தாவிடம் “பெயர்?” என்று கேட்டால், கண்ணெதிரே இருப்பதைத்தானே எழுதுவான்! ஆனால் தம்பி வீட்டாரிடம் வேறு கதை. அந்த வீட்டுப் பெரியக்கா, இப்போது எண்பத்து நான்கு வயது, பிரான்சில் இருக்கிறார். அவர் சொல்வது: “நம்ம வீட்டுக்கு அந்தப் பேரு சும்மா வரல. கப்பல் கேப்டன் ஒருத்தர் நம்ம பரம்பரையில இருந்தாரு.” கப்பல் நிஜம், கேப்டன் எப்போதோ பின்னால் வந்து ஏறிக்கொண்டவர் என்பது அப்பாவின் கட்சி. இது வெறும் கதையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அந்தக் கேப்டனை வைத்துத்தான் கல்யாணங்களில் எங்களுக்குக் கடைசிப் பந்தியில் இலை போட்டார்கள். அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வருவார்.

1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சு நாட்டவராகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பங்காளி அண்ணன் எழுதிக் கொடுத்தார், பட்டாளத்தில் சேர்ந்தார், இப்போது பென்ஷனோடு புதுச்சேரியில் இருக்கிற ‘சொல்தா’க்களில் ஒருவர். பையனின் தாத்தா அவர்தான். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சில வருஷத்தில் அப்பா போய்விட, அம்மா பிறந்த ஊரான போளூருக்கு வந்தோம். அங்கிருந்து சர்வீஸ் கமிஷன், தாலுகா அலுவலகம், கடைசியில் இந்த மலை. ஜமுனாமரத்தூரில் பிரெஞ்சு பேச ஆள் இல்லை. பழைய அகராதி ஒன்றும் இந்தப் பையனின் போனும்தான் துணை.

எச்சில் விஷயத்துக்கு வருகிறேன். பிரான்சில் பொழுதுபோக்குக்காக மரபணுச் சோதனை செய்துகொள்வது சட்ட விரோதம். 3,750 யூரோ வரை அபராதம் உண்டு. ஆனாலும் வெளிநாட்டு நண்பர்கள் மூலம் அனுப்பிச் செய்துகொள்கிறார்கள், இவனும் செய்திருக்கிறான். முடிவில் பெரும்பகுதி தென்னிந்தியா. கூடவே கொஞ்சம் ஆப்பிரிக்கா, கொஞ்சம் மடகாஸ்கர், கொஞ்சம் மேற்கு ஐரோப்பா. ஐரோப்பா என்றதும் பெரியக்காவுக்கு ஆனந்தம். “கேப்டன் வந்துட்டாரு பாரு!” என்று எல்லா வீட்டுக்கும் போன் போட்டுவிட்டார்.

பையன் கெட்டிக்காரன், அவசரப்படவில்லை. போன டிசம்பரில் புதுச்சேரிக்கு வந்து தன் தாத்தாவின் எச்சிலை எடுத்தான். பிறகு பஸ் பிடித்து மலை ஏறி இங்கே வந்து, என் முன்னாலும் ஒரு குழாயை நீட்டினான். அரை மணி நேரம் முன்னதாக எதுவும் சாப்பிடக் கூடாதாம். எழுபத்தைந்து வயதில் காலைக் காபியைத் தள்ளிப்போடச் சொன்னது அவன் ஒருவன்தான்.

முடிவு வந்தது. அண்ணனுக்கும் எனக்கும் ஐரோப்பா என்று எதுவும் காட்டவில்லை. எங்கள் இருவருக்கும் தகப்பன் வழிக் கிளை ஒன்றே. ‘எல்’ என்று பெயர், தென்னிந்தியாவில் சாதாரணமாகக் காணப்படுவது. மேற்கு ஐரோப்பிய ஆண்களிடம் பெரும்பான்மையாக இருப்பது ‘ஆர்1பி’ என்கிற வேறு கிளை. இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு ‘எல்’ இருக்கும் என்பதால், நாங்கள் பங்காளிகள் என்று இதை மட்டும் வைத்துச் சாதிக்க முடியாது. தகப்பன் வழியில் கேப்டன் இல்லை என்பது மட்டும் உறுதி.

அப்படியானால் பையனிடம் இருந்த அந்தக் கொஞ்சம் ஐரோப்பா? அம்மா வழி. தமிழ்ப் பெயர் உள்ள வழி!

ரெயூனியனில் 1848ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பல் கப்பலாகக் கொண்டுபோனார்கள். 1860, 1861 ஒப்பந்தங்களுக்குப் பிறகு பிரிட்டிஷ் பகுதியிலிருந்தும் ஆள் பிடிக்க வழி பிறந்தது. போனவர்களில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்து பலர் அங்கேயே தங்கினார்கள், அங்குள்ளவர்களோடு கலந்தார்கள். போன மனிதனின் ஒற்றைப் பெயர் பதிவேட்டில் குடும்பப் பெயராகிவிட்டது. வீரப்புல்லே, ராமசாமி என்றெல்லாம் அந்தத் தீவின் அரசியல்வாதிகளே இருக்கிறார்கள். நம் ஊரில் ராமசாமியின் மகன் ராமசாமி இல்லை. அங்கே ஐந்தாம் தலைமுறையும் ராமசாமிதான், ஐந்தாம் தலைமுறைப் பெண்ணும் ராமசாமிதான். அந்தப் பக்கம் குவாதலூப்பில் ஆன்ரி சிதம்பரம் என்பவர், இந்தியர்களின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை கேட்டு 1904ல் ஆரம்பித்த வழக்கை 1923ல் வென்றார். சிதம்பரம் அங்கே பிரெஞ்சுக் குடும்பப் பெயர்.

ஆக, பையனின் பிரெஞ்சுப் பெயர் வழியில் வந்த ரத்தம் முழுக்கத் தமிழ். தமிழ்ப் பெயர் வழியில் வந்ததில்தான் ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் பிரான்சும். ரத்தத்தின்படி பெயர் வைக்க வேண்டுமென்றால் இரண்டையும் தலைகீழாக மாட்ட வேண்டும்.

ரெயூனியனில் தமிழர்களை ‘மல்பார்’ என்பார்கள். மலபாருக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் நான் இருக்கும் மலையிலும் இதே கூத்து. ஜவ்வாது மலை மக்களின் சாதிச் சான்றிதழில் ‘மலையாளி’ என்று இருக்கும். மலையை ஆள்கிறவர் என்ற பொருள், பேசுவது தமிழ். சான்றிதழோடு வெளியூர் போகிற பையன்களிடம் “கேரளாவா?” என்று கேட்காத அலுவலகம் குறைவு. ஒரு பையனை, மொழி தெரியவில்லையே என்று சந்தேகப்பட்டுத் திருப்பியே அனுப்பிவிட்டார்கள். தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதி எழுதி என் கை தேய்ந்தது.

இவர்களுடைய பூர்வீகக் கதையும் இந்தப் பேச்சுக்குப் பொருந்துகிறது. தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்திய சாதிகள் பற்றிய புத்தகத் தொகுதியில் அது இருக்கிறது. காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் கங்குந்தி வேடர்கள் பெண் கேட்டார்கள். கொடுக்கவில்லை. ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்க ஏழு ஆண்கள், ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் செத்ததாக வைத்துக் காரியம் செய்துவிடுங்கள் என்று மனைவிகளிடம் சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆட்கள் கடந்துவிட்டார்கள், நாய்கள் பாதியில் திரும்பிவிட்டன. வேடர்களைக் கொன்றுவிட்டு ஊர் திரும்பினால், காரியம் முடிந்து மனைவிகள் தாலி அறுத்திருந்தார்கள். உயிரோடு இருப்பவர்கள் சாதியில் செத்தவர்கள். அந்த ஏழு பேரும் வேடர் பெண்களைக் கட்டிக்கொண்டு ஜவ்வாது மலை ஏறினார்களாம்.

கதையை அப்படியே எடுத்துக்கொண்டால், தகப்பன் வழியைச் சோதித்தால் காஞ்சிபுரம் வரும், தாய் வழியைச் சோதித்தால் வேடர் வரும். இரண்டும் சேர்ந்துதான் இந்த மலை. 2009ல் ஐதராபாத் மரபணு ஆய்வு மையத்தின் தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோர் அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வும், இந்தியாவில் ஏறக்குறைய எல்லாச் சமூகங்களும் இரண்டு பழைய வம்சங்களின் கலப்பு என்றுதான் சொன்னது. கலந்த அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும். இன்னொரு கணக்கும் பாருங்கள். பத்துத் தலைமுறைக்கு முன்னால் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடம். குடும்பப் பெயர் அந்த 1,024ல் ஒரே ஒருவரின் பெயர். மீதி 1,023 பேருக்கு வாய் இல்லை.

பையனுக்கு எழுதியதன் சாரம் இதுதான். அம்மா பெயரை எடுப்பதானால் அம்மாவுக்காக எடு, எனக்குச் சந்தோஷம்தான். ரத்தத்தில் இல்லாத பெயர் என்பதற்காக அப்பா பெயரை விடாதே. உன் பாட்டனுக்குப் பாட்டனுக்கு அது யாரும் கொடுத்ததல்ல, அவரே போய் எடுத்தது. மூன்று பெண் பிள்ளைகளை நினைத்து எடுத்ததாகவும் இருக்கலாம், கப்பல் அழகாக இருந்ததால் எடுத்ததாகவும் இருக்கலாம். பிரான்சில் அதே பெயருள்ள எந்தக் குடும்பமும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவர்களுக்கு ஊரார் வைத்தது. “ஓ, நீங்களா?” என்று கேட்பவரிடம், ஆமாம், 1882லிருந்து நாங்கள்தான் என்று சொல். பெரியக்காவிடம் முடிவைச் சொல்லும்போது மெதுவாகச் சொல், அவருக்குக் கேப்டனோடு எண்பது வருஷப் பழக்கம்.

அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. பெரியக்காவிடம் சொல்லிவிட்டான். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தக் கப்பலாவது நிஜம்தானே?” என்று கேட்டாராம்.

எங்களிடம் இருந்தது துறப்புப் பத்திரத்தின் சுருக்க நகல் மட்டும், அப்பா எடுத்து வைத்தது. அதில் கையெழுத்துகள் கிடையாது. பையன் டிசம்பரில் புதுச்சேரியில் எத்தா சிவில் ஆட்களைப் பிடித்து அலைந்து, மூலப் பக்கத்தைப் படம் எடுத்து வந்திருந்தான். அதை எனக்கு அனுப்பியது போன வாரம்தான், பிரெஞ்சைப் படித்துச் சொல்லுங்கள் தாத்தா என்று. நான் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். வழக்கமான வாசகம், வயது, தொழில், மனைவி, பிள்ளைகள், புதுப் பெயர். கீழே தம்பியின் கையெழுத்து, தமிழில். அதற்குக் கீழே சாட்சிகள் இரண்டு பேர். முதல் சாட்சி துறைமுகத்தில் வேலை செய்தவர், பிரெஞ்சில் போட்டிருக்கிறார். இரண்டாவது தமிழ்க் கையெழுத்து, கொஞ்சம் கோணல், கடைசி எழுத்தில் மை சிந்தியிருக்கிறது. என் கொள்ளுத்தாத்தாவின் பெயர். பக்கத்தில் குமாஸ்தா பிரெஞ்சில் எழுதியிருக்கிறார்: அறிவிப்பவரின் தமையன், விவசாயி, வில்லியனூர்.